ஒற்றை ஆளாக ஓர் அனிமேஷன் படம்: மலையகத்திலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

தன் கதையைத் தானே அனிமேஷன் படமாக்க முனைபவர் பெரும்பாலும் முதலில் தேடுவது மென்பொருளைத்தான். நானும் அப்படித் தொடங்கி, எந்தக் கதையைச் சொல்லப்போகிறேன் என்று தெரியாமலே பயிற்சிக் காணொளிகளைப் பார்த்து ஏழு மாதங்களைக் கழித்தேன். பிறகு, இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாவை அண்டிய ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் அம்மாயி (அம்மாவின் தாய்) சொல்லக் கேட்ட கதையை ஆறு நிமிடப் படமாக முடிப்பதற்கு, பகல் வேலை போக மிஞ்சிய இரவுகளில், பதினெட்டு மாதங்கள் பிடித்தன. அதே வேலையை இன்று மறுபடி தொடங்குவதானால் எந்த வரிசையில் செய்வேனோ அந்த வரிசையிலேயே இதை எழுதுகிறேன். ஒலி முதலில், படம் பிறகு என்பது ஒன்றை மட்டும் வற்புறுத்துவேன்; மற்றவற்றை அவரவர் வசதிப்படி மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் கணக்கு

திரைப்படம் நொடிக்கு 24 பிரேம்களில், அதாவது 24 தனிப் படங்களில், ஓடுகிறது. ஒவ்வோர் ஓவியத்தையும் இரண்டு பிரேம்களுக்கு நிறுத்திவைப்பது கையால் வரையும் அனிமேஷனில் நெடுங்கால வழக்கம் என்பதால், நொடிக்கு 12 ஓவியங்கள் போதும். ஆறு நிமிடத்துக்கு 360 நொடிகள், அதாவது 4,320 ஓவியங்கள். ஓர் இரவில் 20 ஓவியங்களை முடிக்கக்கூடிய கை என்றாலும் 216 இரவுகள் வேண்டும். நிறம் தீட்டுவதும் பின்னணி வரைவதும் இந்தக் கணக்கில் சேரவில்லை. அரைமணி நேரப் படம் எடுக்கப்போகிறேன் என்பவர் 1,080 இரவுகளைப் பற்றிப் பேசுகிறார் என்பதை உணர்ந்துகொள்ள வேண்டும். பாத்திரம் அசையாமல் நிற்கும் இடங்களும், ஒரே அசைவு திரும்பத் திரும்ப வரும் இடங்களும் இந்தத் தொகையைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் முதல் படத்தில் திருத்தி வரைய வேண்டியவை அந்த மிச்சத்தை விழுங்கிவிடும். ஆகவே மூன்று நிமிடத்துக்கும் ஏழு நிமிடத்துக்கும் இடைப்பட்ட ஒரு நீளத்தை இப்போதே முடிவுசெய்து, அதற்குப் பிறகு கதைக்கு வாருங்கள்.

கதையைத் தெரிவதும் குறைப்பதும்

நம் வீடுகளில் கதைக்குப் பஞ்சமில்லை. எல்லாக் கதையும் பெரிய கதையாக இருப்பதுதான் சிக்கல். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் எழுதப்பட்ட அந்தக் காகிதம் எத்தனை குடும்பங்களைப் பிரித்தது என்று சொல்லப் புகுந்தால் வாழ்நாள் போதாது. ஆனால், இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்குப் புறப்படும் கோச்சியில் (ரயிலில்) ஏறுவதற்கு முந்தைய இரவில், அம்மியைத் தூக்கிப் போவதா விட்டுப் போவதா என்று ஒரு கணவனும் மனைவியும் வாய் பேசாமல் நிற்பதை ஐந்து நிமிடத்தில் காட்டிவிடலாம். ஒரு நிகழ்ச்சி, இரண்டு இடங்கள், மிஞ்சினால் மூன்று பாத்திரங்கள் என்ற வரம்பை நான் வைத்துக்கொண்டேன்.

1960களின் இறுதியில் மவுசாகலை நீர்த்தேக்கம் நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனது. வறட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய கோயில், விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் எச்சங்கள் இன்றும் வெளியே தெரியும். என் முதல் பிரதியில் நகரத்தைக் காலிசெய்தல், கடைக்காரர்களின் சண்டை, நீர் ஏறுதல், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் எச்சங்களைப் பார்த்தல் என்று எல்லாம் இருந்தன. கடைசியில் நின்றது இதுதான்: நீர் இறங்கிய ஒரு மார்ச் மாதத்தில் சேற்றில் நடந்து போகும் கிழவி, தான் சிறுமியாக வளையல் வாங்கிய கடை எந்த இடத்தில் இருந்தது என்று காலால் அடியளந்து தேடுகிறாள். நகரம் அழிந்ததை நான் வரையவில்லை. அவள் அடியளப்பதிலேயே அது தெரிந்துவிடுகிறது.

கதை உங்களுடையதாக இருந்தாலும் அதைச் சொன்னவர் வேறொருவர் என்றால், அவரிடம் என்ன செய்யப்போகிறீர்கள் என்று விளக்கிச் சம்மதம் வாங்குங்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, நீங்கள் எழுதிய திரைக்கதைக்கும் வரைந்த ஓவியங்களுக்கும் பதிவுசெய்யாமலே பதிப்புரிமை உண்டு. உங்கள் வாழ்நாளிலும் அதன்பின் 70 ஆண்டுகளும் அது நிலைக்கும். நாட்டார் பாடலும் கூத்தும் வேறு விடயம். சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தேடித் தொகுத்த மலையகப் பாடல்கள் மக்களுடையவை; ஆயினும் ஒரு கலைஞர் பாடிப் பதிந்த ஒலிநாடாவில் அந்தக் கலைஞருக்கு உரிமை இருக்கிறது. அதே சட்டம் நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்குத் தனிப் பாதுகாப்பும் அளிப்பதால், காமன் கூத்திலிருந்தோ பொன்னர் சங்கரிலிருந்தோ ஒரு பகுதியை எடுத்து வணிக நோக்கில் பயன்படுத்த நினைப்பவர் ஒரு சட்டத்தரணியிடம் அரைமணி நேரம் செலவிடுவது நல்லது. கூத்தைப் பழக்கும் மாஸ்டரிடம் கேட்பது அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது.

ஸ்டோரிபோர்ட்

ஒரு சி.ஆர். கொப்பியை (தடித்த அட்டை போட்ட கொப்பியை) எடுத்து, பக்கத்துக்கு ஆறு கட்டங்கள் கோடிட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு ஷாட்டை (வெட்டில்லாமல் ஓடும் ஒரு காட்சித்துண்டை)ப் பென்சிலால் கிறுக்குங்கள். அழகு இங்கே தேவையில்லை. யார் எங்கே நிற்கிறார், கமரா எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, யார் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பவை விளங்கினால் போதும். கட்டத்தின் கீழே உரையாடலையும் ஒலியையும் எழுதுங்கள். ஆறு நிமிடத்துக்கு 60 முதல் 80 ஷாட்டுகள் வரலாம். கொப்பியைக் கதை தெரியாத ஒருவரிடம் கொடுத்து, நீங்கள் வாய் திறக்காமல் இருந்து, அவரைக் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் கட்டங்களைத் திருப்பி வரையுங்கள்.

குரலை இப்போதே பதிவுசெய்யுங்கள்

பலர் படத்தை வரைந்து முடித்துவிட்டுக் குரலைத் தேடுகிறார்கள். வாயசைவு, மூச்சு, இடைவெளி, பேச்சின் நடுவில் வரும் இருமல் எல்லாம் குரலில்தான் பிறக்கின்றன என்பதால், வரைந்து முடித்த வாய்க்குக் குரலைப் பொருத்துவது வரைபவரையும் பேசுபவரையும் ஒருசேர வருத்தும். குரல் முதலில் கையில் இருந்தால் எத்தனை பிரேமில் தலை நிமிர வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடும்.

உரையாடலை எழுத்துத் தமிழில் எழுதிவிட்டு நடிப்பவரிடம் பேச்சாக்கிக்கொள்ளச் சொல்வதும் வேலைக்கு ஆகாது. தோட்டத்துப் பேச்சைப் பேசுகிறபடியே எழுதுங்கள். பெரட்டு (காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடம்), கானு (வடிகால்), காம்பரா (அறை), இஸ்தோப்பு (வாசல் திண்ணை), துண்டு, பேர் போடுவது (வேலைநாளைப் பதிவது), கணக்கப்பிள்ளை, தொரை (தோட்ட நிர்வாகி) ஆகிய சொற்களை யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இருப்பவருக்கு விளங்க வேண்டும் என்று மாற்றாதீர்கள், காட்சி விளக்கிவிடும்.

இனி இடத்தின் தொல்லை: தகரக் கூரை. தூறல் விழுந்தாலே பதிவு கெட்டுப்போகும். ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை அடித்துப் பெய்யும் என்பதால், ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலைகளை நான் பயன்படுத்தினேன். பதுளை, பண்டாரவளைப் பக்கத்தார் ஆண்டிறுதி மழைக்குத் தப்பி ஜூன், ஜூலையை வைத்துக்கொள்ளலாம். தனி ஒலிப்பதிவுக்கூடம் வேண்டியதில்லை: சிறிய காம்பரா ஒன்றின் சுவரோரம் மெத்தையைச் சாய்த்து, கயிறு கட்டிக் கம்பளிப் போர்வைகளைத் தொங்கவிட்டு, நடுவில் பேசுபவரை இருத்தினால் எதிரொலி அடங்கிவிடும். சட்டையில் செருகும் சிறிய ஒலிவாங்கியைக் கைபேசியில் பொருத்தி, வேவ் (WAV) கோப்பு வடிவில் 48,000 ஹேர்ட்ஸில் பதியலாம். ஒவ்வோர் அமர்விலும் யாரும் பேசாமல் அரை நிமிடம் அந்த அறையின் அமைதியையும் பதிந்துகொள்ளுங்கள். வெட்டி ஒட்டிய வசனங்களுக்கு நடுவே நிரப்ப அது உதவும்.

அம்மாயியின் பாத்திரத்துக்கு நான் சித்தியைப் பேசவைத்தேன். எழுதியதைப் படிக்கச் சொன்னபோது பள்ளிக்கூடப் பிள்ளை போல ஒப்பித்தவர், தாளை வாங்கி வைத்துவிட்டு “அம்மாயி அன்னைக்கு என்னா சொல்லிச்சு சித்தி?” என்று கேட்டதும் தாமாகப் பேசத் தொடங்கினார். படத்தில் இருப்பது அந்தப் பேச்சு; என் வசனத்தில் மூன்று வரிகள்தான் மிஞ்சின.

அனிமேட்டிக்

ஸ்டோரிபோர்ட் கட்டங்களைக் கைபேசியில் படம்பிடித்து, எந்த எடிட்டிங் மென்பொருளிலாவது குரலுக்கு மேல் வரிசையாக அடுக்குங்கள். இதுவே அனிமேட்டிக்; படத்தின் நீளம் இங்கேதான் தீர்மானமாகிறது. இதைப் பத்து முறை பார்த்தும் சலிக்காத இடங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். என் அனிமேட்டிக் ஒன்பது நிமிடத்தில் தொடங்கி ஆறில் நின்றது. வெட்டிய மூன்று நிமிடம் 2,160 ஓவியங்களுக்குச் சமம் என்பதால் அந்த வாரம் எனக்குத் தீபாவளிதான்.

எந்த முறையில் அசைப்பது

முழுக்க வரைவது ஒரு வழி. உடலைத் தலை, கை, கால் என்று துண்டுகளாக்கி, மூட்டுகளில் இணைத்து அசைப்பது இன்னொரு வழி. காகிதத்தில் வெட்டிய நிழலுருவங்களைக் கொண்டே ஜேர்மனியின் லோட்டே ரைனிகர் 1926இல் ஒரு முழுநீளப் படத்தை வெளியிட்டார். முப்பரிமாணம் மூன்றாவது வழி. கைவசம் உள்ள நேரமும் கதையும் சேர்ந்துதான் இதைத் தீர்மானிக்க வேண்டும். துண்டுருவமுறை நடப்பதற்கும் திரும்பத் திரும்ப வரும் வேலைகளுக்கும் பொருந்தும். முகம் மாறுவதற்கும் துணி மடிவதற்கும் வரையத்தான் வேண்டும். நான் இரண்டையும் கலந்தேன்: தூரத்து ஷாட்டுகளில் துண்டுருவம், நெருக்கத்தில் கை ஓவியம்.

மலைநாட்டில் இருப்பவருக்கு ஓர் இலவச உதவி உண்டு, அது மூடுபனி. கண்ணுக்கு எட்டிய மலைமுகடுகளை ஐந்து தனித்தனி அடுக்குகளாக வரைந்து, ஒவ்வோர் அடுக்குக்கும் இடையில் வெண்சாம்பல் நிறத்தை மெல்லப் பூசி, கமரா நகரும்போது அருகிலுள்ள அடுக்கை விரைவாகவும் தொலைவிலுள்ளதை மெதுவாகவும் நகர்த்தினால், முப்பரிமாணத்தில் ஒன்றும் செய்யாமலே ஆழம் கிடைத்துவிடும். கடைசி இரண்டு அடுக்குகளில் மரத்தைக்கூட வரைய வேண்டியதில்லை.

மென்பொருள்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பிளெண்டர், கிரிட்டா, ஓப்பன்டூன்ஸ் மூன்றும் இலவசம். பிளெண்டரின் கிரீஸ் பென்சில் கருவியில் முப்பரிமாண வெளிக்குள்ளேயே கையால் வரையலாம். 2025இல் சிறந்த அனிமேஷன் முழுநீளப் படத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்ற லாத்வியப் படமான ‘ஃப்ளோ’ பிளெண்டரில் உருவானதுதான். பின்னணி ஓவியத்துக்குக் கிரிட்டா கைக்கு இதமானது. 2016இல் திறந்த மூலமாக வெளியான ஓப்பன்டூன்ஸ் துண்டுருவத்துக்கும் பிரேம் பிரேமாக வரைவதற்கும் ஏற்றது. ஒன்றைத் தேர்ந்து படம் முடியும்வரை மாறாதிருங்கள். 16 ஜிபி நினைவகமுள்ள கணினியும் பேனாவால் வரையும் சிறிய பலகையும் போதும்.

வடிவமைப்பு: பார்த்து வரையுங்கள்

இணையத்தில் தேயிலைத் தோட்டம் என்று தேடினால் மூணாறும் அசாமும் டார்ஜிலிங்கும் கலந்து வரும். அவற்றைப் பார்த்து வரைந்த லயத்தை (தோட்டத் தொழிலாளரின் வரிசைவீட்டை) நம் ஆட்கள் ஒரு நொடியில் கண்டுகொள்வார்கள். அளவுநாடாவோடு போய் ஒரு பழைய லயத்தை அளந்து வாருங்கள்: காம்பராவின் நீள அகலம், இஸ்தோப்பின் உயரம், வாசலுக்கும் கானுக்கும் உள்ள தூரம், அடுப்புப் புகை சுவரில் எதுவரை ஏறியிருக்கிறது என்பது வரை. காம்பரா சிறியது என்பதால், உள்ளே கமராவைப் பின்னால் நகர்த்த இடமிருக்காது. படத்தில் சுவரைக் கழற்றிவிட்டுத் தூரத்திலிருந்து காட்டலாம். நான் அப்படிச் செய்யவில்லை. நெருக்கடியை நெருக்கடியாகவே காட்ட, முகங்களைப் பாதி வெட்டியபடி வரைந்தேன்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் முன், பக்கம், பின் தோற்றங்களையும், நான்கைந்து முகபாவங்களையும், பக்கத்தில் நிற்பவரோடு ஒப்பிட்ட உயரத்தையும் ஒரே தாளில் வரைந்து எதிரே ஒட்டிவையுங்கள். நிறங்களை அவற்றின் எண்களோடு குறித்துவைக்காவிட்டால் பத்தாவது மாதத்தில் அம்மாயியின் சேலை வேறு பச்சையாகிவிடும்.

அசைவு

பாத்திரத்தின் முக்கிய நிலைகளை முதலில் வரைந்து, பிறகு நடுநிலைகளை வரைந்து, கடைசியில் இடைவெளிகளை நிரப்புவதே முறை. ஒரே ஓர் அசைவை அருகிலிருந்து பார்ப்போம். சிறுவயது நினைவாக வரும் ஒரு ஷாட்டில் அம்மாயியின் தாய் கொழுந்து எடுக்கிறார். நான் முதலில் கையைச் செடிக்குக் கொண்டுபோய், ஒரு கொழுந்தைக் கிள்ளி, கூடையில் போட்டு, மறுபடி செடிக்குக் கொண்டுவந்தேன். சித்தியிடம் காட்டினேன்.

“என்னாப்பா இது, கொழுந்து எடுக்குதா, சாமிக்குப் பூப் பறிக்குதா?” என்றார்.

மறுநாள் மலைக்குப் போய்க் கைபேசியில் படம்பிடித்துப் பிரேம் பிரேமாக நகர்த்திப் பார்த்தபோதுதான் தவறு விளங்கியது. இரண்டு கைகளும் மாறி மாறி இயங்குகின்றன. பெருவிரலும் சுட்டுவிரலும் இரண்டிலையும் மொட்டையும் ஒடித்ததும், மற்ற விரல்கள் அதை உள்ளங்கைக்குள் தள்ளிக்கொள்கின்றன. கை நிறையும்வரை கூடைப்பக்கம் போவதே இல்லை. நிறைந்ததும் திரும்பிப் பாராமல் தோளுக்கு மேலாக வீசப்படுகிறது. கண் எப்போதும் கைக்கு முன்னால், அடுத்த செடியில் இருக்கிறது. இதை 16 ஓவியங்கள் கொண்ட ஒரு சுழலாக வரைந்தேன்: ஒடிப்புக்கு ஒரே ஓவியம், கை நகர்வுக்கு ஐந்து, உள்ளங்கைக்குள் தள்ளுவதற்கு இரண்டு என்று எட்டு, மறுகைக்கும் அதே எட்டு. ஒடிப்பை மூன்று ஓவியங்களாக நீட்டினால் மென்மையாகத்தான் இருக்கும், ஆனால் வேகம் செத்துப்போகும். சுழல் ஆறு முறை ஓடியபின் வீசல் ஒருமுறை. தலையில் கயிறு மாட்டிய கூடையின் பாரத்தால் கழுத்து சற்று முன்னே நீண்டிருப்பதையும் சேர்த்தபின் சித்தி ஒன்றும் சொல்லவில்லை, பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

முதல் ஷாட்டிலிருந்து வரிசையாக வரையாதீர்கள். கை பழகப் பழக ஓவியம் தேறும் என்பதால், படத்தின் நடுவிலுள்ள எளிய ஷாட்டுகளில் தொடங்கி, தொடக்கத்தையும் முடிவையும் கடைசியில் வரைந்தால் தேறிய கை முக்கியமான இடங்களில் தெரியும். எல்லா ஷாட்டுகளுக்கும் எண்ணிட்டு, ஒரு பெரிய தாளில் கட்டமிட்டு, முடிந்ததை நிறம் தீட்டி வாருங்கள். பெரட்டில் பேர் போடுவது போல் ஒவ்வோர் இரவும் அதில் குறித்துவிட்டுப் படுத்தேன்.

பாதுகாப்புப் பிரதியைப் பற்றி ஒரு சொல். என்னிடம் இரண்டு பிரதிகள் இருந்தன. இரண்டும் ஒரே அலுமாரியின் மேல்தட்டில் இருந்தன. அந்தத் தட்டுக்கு நேர்மேலே கூரை ஒழுகியது. பதினொரு ஷாட்டுகள் போயின. இப்போது ஒரு பிரதி கணினியில், ஒன்று வெளித்தட்டில், ஒன்று நகரத்தில் இருக்கும் நண்பர் வீட்டில். இடிமின்னல் மிகுந்த ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் மாலையானதும் மின்செருகியைக் கழற்றிவிட்டு மின்கலத்தில் வேலை செய்கிறேன்.

ரெண்டரிங்

முப்பரிமாணமோ அடுக்குகளோ இருந்தால் கணினி ஒவ்வொரு பிரேமையும் கணித்து உருவாக்க வேண்டும். ஆறு நிமிடத்தில் 8,640 பிரேம்கள். பிரேமுக்குப் பத்து நொடி என்றால் சரியாக 24 மணித்தியாலம். ஒரு நிமிடம் என்றால் ஆறு நாள். பிளெண்டரின் ரெண்டர் முறைகளில் ஈவீ விரைவானது, சைக்கிள்ஸ் ஒளியை நுணுக்கமாகக் கணிப்பதால் மெதுவானது. வரைந்த தோற்றமுள்ள படத்துக்கு ஈவீ தாராளம். நேரடியாகக் காணொளிக் கோப்பாக ரெண்டர் செய்யாதீர்கள். நடுவில் மின்சாரம் போனால் முழுக் கோப்பும் பழுதாகும். பி.என்.ஜி. படங்களாகத் தனித்தனியே சேமித்தால், நின்ற பிரேமிலிருந்து தொடரலாம்.

ஒலியும் இசையும்

குரலுக்கு எடுத்த கவனத்தைச் சூழலொலிக்கும் கொடுங்கள். முன்னர் பகையாக இருந்த தகரக்கூரை மழையை இப்போது ஆசைதீரப் பதிந்துகொள்ளலாம். கானில் ஓடும் நீர், பின்னேரம் ஸ்டோரிலிருந்து (தேயிலை ஆலையிலிருந்து) வரும் இயந்திர இரைச்சல், சேற்றில் புதையும் கால் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பதிந்தேன். தப்பு மேளம் அடிப்பவரை அழைத்தால் வெளியில், பத்தடி தள்ளி ஒலிவாங்கியை வையுங்கள். அறைக்குள் அது ஒலிவாங்கியைத் திணறடிக்கும். ஊதியத்தைப் பேசிக் கொடுங்கள், இன்ன படத்துக்கு இன்ன பயன்பாட்டுக்கு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள், பெயரைத் திரையில் போடுங்கள். கலவை முடிந்ததும் கைபேசியின் ஒலிபெருக்கியிலும் ஒருமுறை கேளுங்கள், பெரும்பாலோர் அதில்தான் கேட்கப்போகிறார்கள்.

வெளியீடு

சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வசனவரிகளைத் தனிக் கோப்பாக வையுங்கள். படத்தின் மேல் பதித்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது. திரைப்பட விழாக்களில் சில, ஏற்கெனவே இணையத்தில் வெளியான படத்தை ஏற்பதில்லை. ஆகவே யாழ்ப்பாண சர்வதேச திரைப்பட விழா போன்ற நம்மவர் விழாக்களிலிருந்து பிரான்சின் அன்சி அனிமேஷன் விழா வரை எவற்றுக்கு அனுப்பப்போகிறீர்கள் என்று விதிகளைப் படித்து முடிவுசெய்தபிறகே யூடியூப்பில் ஏற்றுங்கள். அரங்கில் பொதுமக்களுக்குத் திரையிட உத்தேசித்தால் தணிக்கை அனுமதி பற்றியும் முன்கூட்டியே விசாரியுங்கள்.

எங்கும் அனுப்புவதற்கு முன், கதை நடந்த தோட்டத்தாரில் பத்துப் பேருக்காவது படத்தைக் காட்டுங்கள். நான் ஒரு போயா (பௌர்ணமி விடுமுறை) தினத்தில் சித்தி வீட்டு இஸ்தோப்பில் வெள்ளை வேட்டியைக் கட்டி, இரவல் புரொஜெக்டரில் காட்டினேன். படம் நன்றாக இருக்கிறதா என்று எவரும் பேசவில்லை. மழைக்குக் கம்பளியைத் தலையில் போடும்போது எந்த மடிப்பு உள்ளே வரும் என்பதில் இரண்டு பாட்டிகளுக்குள் வாக்குவாதம் மூண்டது. ஒருவர் உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து தம் பழைய கம்பளியை எடுத்துவந்து போட்டே காட்டினார். நான் வரைந்தது தலைகீழ். மூன்று ஷாட்டுகளைத் திருப்பி வரைய ஒன்பது இரவுகள் ஆயின, அதற்குப் பிறகே முதல் விழாவுக்குப் படத்தை அனுப்பினேன்.